மந்திரிப்பு அன்னிக்கி சிக்கின கதவு

கதவு சிக்குதுன்னா என்ன செய்வீங்க? போன வாரம் உங்க பட்டறைக்கு வந்தப்ப ஒரு பொண்ணுகிட்ட கேட்டேன். யோசிக்காம சொல்லுச்சு: "உப்புக்காத்து மேடம். லேசா இழைச்சு விட்டா போதும்." எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. அந்தப் பொண்ணை மட்டும் சொல்லி என்ன பண்றது? பாண்டிச்சேரியில மரவேலை, உள்அலங்காரம் செய்யிற எல்லாரும் இப்படித்தான். கீல் துரு புடிச்சா உப்புக்காத்து. பாலிஷ் மங்கினா உப்புக்காத்து. அளவைத் தப்பா எடுத்துட்டுப் பலகை பொருந்தலன்னாலும் உப்புக்காத்துதான். கடல் வந்து நான் இல்லன்னு சொல்லவா போகுது?

சின்னச் சின்ன மர அறைங்கள எப்படிக் கட்டறது, கையால செஞ்ச பொருளை வச்சு ஒரு வீட்டை எப்படி அமைக்கறதுன்னு புதுசா சேந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கன்னுதான் என்னைக் கேட்டாங்க. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நல்லாவே தெரியும். நீங்க வரையற படத்தைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு. உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு, பயப்படறது. அதைத்தான் சொல்லப்போறேன். நான் இந்த உள்அலங்கார வேலையை விட்டு அரியாங்குப்பத்துல வீட்டோட உக்காந்தாச்சு. இருந்தும் எந்தக் கதவு சிக்கினாலும் அந்த ஒரு ஞாயித்துக்கெழமை கண்ணு முன்னாடி வந்து நிக்குது.

டவுன்ல, மாதா கோயிலுக்குப் பின்னாடி தெருவுல ஒரு பழைய மெத்தை வீடு. தேக்கு உத்தரம், அதுக்கு மேல குறுக்குக் கட்டை, அதுக்கு மேல செங்கல்லு, சுண்ணாம்புன்னு போட்ட அந்தக் காலத்துத் தளம். வீட்டுக்காரம்மா பேரு ஜாக்குலின்னு வச்சுக்குங்க. பிரான்ஸ்ல ரொம்ப வருஷம் வேலை பாத்தவங்க. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சுன்னு சேதி வந்ததும் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துட்டாங்க. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், எங்க ஊர்ப் பேச்சுல சொல்தா. நல்ல ஒசரம், படுத்த படுக்கையிலயும் மீசையை முறுக்கிவிடச் சொல்லிக் கையைக் காட்டுவாரு. மக அவரை பப்பான்னு கூப்புடுவாங்க.

ஜாக்குலின் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். மொட்டைமாடியில ஒரே ஒரு மர அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, கம்ப்யூட்டர்ல வேலை பாக்க ஒரு ஜன்னல். "நாள் முழுக்க மருந்து வாசனையிலயே கெடக்கறேன் மேடம். மூச்சு விட ஒரு எடம் வேணும். ஆனா பப்பா தும்மினாக்கூட எனக்குக் கேக்கணும்" அப்படின்னாங்க. அதனால அவர் படுத்திருந்த ரூமுக்கு நேர் மேலேயே அறையை வச்சோம். பாசம்தான் அந்த எடத்தைக் காட்டுச்சு.

சும்மா சொல்லக்கூடாது, அழகான வேலை. சுவருக்கு உள்பக்கம் கோரைப்பாய் பதிச்சோம். சுவத்தோட மடிஞ்சுக்கற கட்டில். விளக்குக்குக் கையால வனைஞ்ச மண் கூடு. எல்லாத்தையும்விட எனக்குப் பெருமை அந்த மணிதான். கையால வார்த்த சின்ன வெங்கல மணி, மேல ஜன்னல் பக்கத்துல தொங்கும். அதோட கயிறு வெளிச்சுவர் வழியா இறங்கி, ரூமுக்கு மேல இருக்கற வென்டிலேட்டர் ஓட்டையில நுழைஞ்சு, பெரியவர் கட்டில்கிட்ட வந்து நிக்கும். வேணுங்கறப்ப ஒரு இழுப்பு, மக வந்துடுவாங்க. காட்டினப்ப அவர் மூஞ்சைத் திருப்பிக்கிட்டாரு. மாட்டின நாள்லேர்ந்து ஒரு தடவைகூடத் தொடல. "தாகத்தை அடக்கிக்கிட்டுக் கெடப்பாரே தவிர, பொண்ணை மணியடிச்சுக் கூப்புட மாட்டாரு. பட்டாளத்து வீம்பு"ன்னு ஜாக்குலின் சிரிச்சாங்க.

கட்டறதுக்கு முன்னாடி ஒரு எஞ்சினியர் வந்து உத்தரத்தை எல்லாம் தட்டிப் பாத்தாரு. லேசான அறையா இருந்தா தாங்கும், நாலஞ்சு பேருக்கு மேல ஒரே நேரத்துல வேணாம்னாரு. ஜாக்குலினும் தலையாட்டினாங்க. அந்த அறையில இருக்கப்போறது ஒரு ஆளு, மிஞ்சினா ரெண்டு. நாங்க போட்ட கணக்கெல்லாம் வாழற நாளுக்கு. ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்கிற நாளுக்கு யாரும் கணக்கு போடல. புது எடம்னா நம்ம ஊர்ல என்னா செய்வோம்? சர்ச் சாமியாரைக் கூப்புடுவோம், இல்லன்னா ஐயரைக் கூப்புடுவோம், அப்படியே ஊரையும் கூப்புடுவோம். வந்தவங்க எல்லாரும் உள்ள நுழைஞ்சு, சுவத்தைத் தொட்டுப் பாத்து, நல்லா இருக்குன்னு சொன்னாத்தானே நமக்கு மனசு நெறையும்?

அந்த ஞாயித்துக்கெழமை மாதா கோயில்ல பூசை முடிஞ்சு ஜனங்க நேரா வந்தாங்க. தெருவுல பந்தல், பந்தல்ல பிரியாணி அண்டா. நானும் எங்க ஆசாரி ஏழுமலையும் போய்ச் சேரும்போதே மாடியில கால் வைக்க எடமில்ல. சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, பிள்ளைங்க, பிரான்ஸ்ல இருக்கறவங்களுக்கு வீடியோ கால்ல காட்டறவங்க. பெரியவரைப் பாத்துக்கற அம்மாவும் மந்திரிப்பு பாக்கணும்னு மேல வந்துட்டாங்க. ஃபாதர் உள்ள நிக்கறாரு, அறை நெறையக் கூட்டம், அறையைச் சுத்தியும் கூட்டம். எஞ்சினியர் சொன்ன கணக்கை ஞாபகப்படுத்தலாம்னு நான் ஜாக்குலினைக் கையைக் காட்டிக் கூப்புட்டேன். "ஜெபம் ஆரம்பிச்சாச்சு மேடம், பத்து நிமிஷம்தான்"னு உதட்டை அசைச்சாங்க.

அப்ப மணி அடிச்சுது. ஒரு தடவை இல்ல, விட்டு விட்டு, விட்டு விட்டு. கூட்டம் பூராவும் சிரிச்சுது. "பாத்தியா, பெரியவருக்குக் குஷி"ன்னாங்க. ஜாக்குலினுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, அப்பா மணியைத் தொட்டுட்டாரேன்னு. நிக்கவே இல்ல மணி. ஃபாதர் வாசிக்கறது கேக்கலன்னு ஜாக்குலினோட சித்தப்பா ஜன்னலுக்கு வெளியில கையை விட்டு, கயிறை மேல இழுத்துச் சுருட்டிக் கம்பியில கட்டிட்டாரு. அதுக்கும் ஒரு சிரிப்பு.

கடல் காத்துக்கு மெழுகுவத்தி அணைஞ்சு அணைஞ்சு போச்சு. "அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தும்மா"ன்னு யாரோ சொன்னாங்க. வாசல்ல நின்னது நான்தான். இழுத்தேன், சட்டம் வரைக்கும் வந்து சிக்கிக்கிச்சு. முந்தின நாள் சாயங்காலம் ஒத்தை விரலால சாத்தின கதவு அது. பின்னாடி நின்ன ஏழுமலை பையில கையை விட்டு மரம் இழைக்கிற இழைப்புளியை எடுத்துட்டாரு. "உப்புக்காத்து மேடம். சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு இழு இழுத்தா சரியாப் போயிடும்"னாரு. நானும் சரின்னுதான் தலையாட்டினேன். ஆனா கண்ணு கதவோட மேல் விளிம்புலேயே நின்னுடுச்சு.

நல்லாக் கேட்டுக்குங்க. காத்து குடிச்சு ஊதின கதவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுக்கும். இது அப்படி இல்ல. பூட்டுப் பக்க மூலையில கதவும் சட்டமும் கடிச்சுக்கிட்டு நின்னுச்சு. கீல் பக்கம் வர வர ரெண்டுக்கும் நடுவுல சந்து விரிஞ்சுக்கிட்டே வந்துச்சு. கதவு ஊதல, சட்டம் சாஞ்சிருக்கு. சட்டம் சாயணும்னா தரை இறங்கணும். தரை இறங்கணும்னா அதுக்கு அடியில இருக்கற உத்தரம் இறங்கணும். அந்த உத்தரத்துக்கு அடியில யாரு படுத்திருக்கா? தாகத்துக்குக்கூட மணியடிக்காத மனுஷன் எதுக்கு இன்னிக்கி விடாம அடிச்சாரு?

சத்தம் போடல. சுவரோரமாவே அடிமேல அடி வச்சுப் போய்ப் படியில இறங்கினேன். ஏழுமலையைக் கண்ணாலேயே கூப்புட்டேன்.

பெரியவர் ரூமுல அவரைத் தவிர ஒருத்தரும் இல்ல. வெள்ளைப் போர்வை மேல வெள்ளையாத் தூள் கெடந்துச்சு, அதனால பாத்தவுடனே தெரியல. அவர் மீசையில, கண்ணு எமையில, வாய் ஓரத்துல, எல்லா எடத்துலயும் சுண்ணாம்புத் தூள். நல்லா இருக்கற கை மேல தூக்கின மாதிரியே நின்னுச்சு, கயிறு இருந்த எடத்தைத் தேடிக்கிட்டு. நிமிந்து பாத்தேன். உத்தரம் சுவத்துக்குள்ள நுழையற எடத்துல பூச்சு விட்டுப்போய்க் கறுப்பா ஒரு கோடு. மேல தொம் தொம்னு கால் சத்தம், பாட்டு. ஒவ்வொரு சத்தத்துக்கும் கொஞ்சம் தூள் கொட்டுச்சு. அதை அவரு பாக்கறாரு, ஜனங்க மேல ஏறினதுலேர்ந்து பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. அடப்பாவமே, கத்தக்கூட வாய் இல்லாத மனுஷன்.

"மேடம், மொதல்ல மேல இருக்கறவங்கள எறக்கிடலாம்"னாரு ஏழுமலை. எனக்கும் அதுதான் மொதல்ல தோணுச்சு. ஆனா படிக்கட்டு இருந்தது அறைக்கு எதிர்ப்பக்கம். இறங்கற ஒவ்வொருத்தரும் அந்த உத்தரத்து மேலேயே நடந்துதான் படிக்கு வரணும். நிக்கிற பாரம் வேற, நடக்கிற பாரம் வேற. விழப்போகுதுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா நடக்கவும் மாட்டாங்க, ஓடுவாங்க. ஓடினா கீழ இருக்கறவர் கதி? அவரைத் தூக்கலாம்னா நானும் ஏழுமலையும் பத்தாது. அந்த இரும்புக் கட்டில் வாசல்ல நுழையாது, போர்வையோட தூக்கணும், அதுக்கு நாலு ஆள் வேணும். அதுவரைக்கும் மேல இருக்கற அத்தனை பேரும், குழந்தை குட்டியோட, அந்த உத்தரத்து மேலேயே அசையாம நிக்கணும். நான் நிக்க வைக்கணும். யாரைப் பணயம் வைக்கறதுன்னு என்னைக் கேட்டா நான் என்னா சொல்லுவேன்? எனக்கு அன்னிக்கிவரைக்கும் எந்த ஆபீசுலயும் யாரும் இதைச் சொல்லித் தரல.

"பந்தல்ல பிரியாணி மாஸ்டர் ஆளுங்க இருக்காங்க, கூட்டிட்டு வா. போர்வையோட தூக்கித் தெருவுக்குக் கொண்டு போ. அவரை வெளியில கொண்டு போனதும் மணி அடி. மணி அடிக்கிறவரைக்கும் நான் மேல யாரையும் நகர விடமாட்டேன்"னேன். கயிறு மேல கட்டியிருக்குன்னாரு ஏழுமலை. "நான் போய் அவுத்து விடறேன். ஓடு."

பெரியவர்கிட்ட குனிஞ்சு, "தோ ஆள் வர்றாங்க, பயப்படாதீங்க"ன்னேன். அவர் என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. அந்தக் கையை நான் பிரிச்சு எடுத்தேன். வாசல்ல திரும்பிப் பாத்தப்ப அவர் கண்ணுல தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், இவளும் போறாளேன்னு. அந்தப் பார்வையை விட எனக்குப் பயம் குடுத்தது ஒலகத்துல வேற எதுவும் இல்ல.

மேல ஃபாதர் முடிவு ஜெபத்துக்கு வந்துட்டாரு. இன்னும் ரெண்டு வரியில எல்லாரும் கைதட்டி, கட்டிப் புடிச்சு, போட்டோ எடுக்க ஒரு மூலைக்கு நெருக்குவாங்க. நான் போற வழியிலேயே ஜன்னல் கம்பியில இருந்த கயிறை அவுத்து வெளிச்சுவரோரமாக் கீழ விட்டேன். முடிச்சு லேசுல அவுரல. அப்புறம் கூட்டத்துல நுழைஞ்சு ஃபாதர் காதுல, என் கையால மறைச்சுக்கிட்டு, சொன்னேன். "ஃபாதர், முடிச்சுடாதீங்க. தளம் எறங்குது. கீழ பெரியவர் இருக்காரு. அவரை வெளியில எடுத்ததும் மணி அடிக்கும். அதுவரைக்கும் ஒருத்தரும் அசையக்கூடாது."

அவர் என்னை ஒரு தடவை பாத்தாரு. ஏன், எப்படின்னு ஒரு கேள்வி இல்ல. கூட்டத்தைப் பாத்து, சாதாரணமா, "நம்ம பெரியவருக்காகப் புனிதர்கள் மன்றாட்டு மாலை சொல்லுவோம். நின்ன எடத்துலயே, கண்ணை மூடி, அசையாம நில்லுங்க. பிள்ளைங்களும்தான்"னாரு. "பிரியாணி ஆறிடும் ஃபாதர்"னு பின்னாடிலேர்ந்து ஒரு குரல். "சூடு பண்ணிக்கலாம்"னாரு.

ஒவ்வொரு புனிதர் பேரா சொல்றாரு. ஜனங்க, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்"னு பதில் சொல்றாங்க. கண்ணைத் தொறந்து இருந்தது நானும் ஃபாதரும்தான். நான் கதவு விளிம்புல உள்ளங்கையை வச்சுக்கிட்டு நின்னேன். எனக்கு அந்த ஜெபம் தெரியாது. ஆத்தா மாரியாத்தா, ஆத்தா மாரியாத்தான்னு அதே தாளத்துல நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். சித்தப்பா ஒரு கண்ணைத் தொறந்து, போனை எடுத்துக்கிட்டு ஒரு அடி நகந்தாரு. மணிக்கட்டைப் புடிச்சு நிறுத்தினேன். மொறைச்சாரு, மொறைக்கட்டும். அப்ப கைக்குக் கீழ மரத்துல தக்குன்னு ஒண்ணு கேட்டுச்சு. சின்னச் சத்தம்தான். யாரும் கவனிக்கல. ஃபாதர் மட்டும் தீர்த்தக் கிண்ணத்தை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு. புனிதர்கள் பேரெல்லாம் தீந்துபோயிடுமேன்னு எனக்குப் பயம். அவருக்கும் அதே பயம்தான் போல, சொன்ன பேரையே திரும்பச் சொன்னாரு.

மணி அடிச்சுது.

"பெரியவர் திரும்ப ஆரம்பிச்சுட்டாரு"ன்னு கூட்டம் சிரிச்சுது. நான் கதவு நிலையைப் புடிச்சுக்கிட்டேன்.

பாதிதான் முடிஞ்சிருந்துச்சு. இப்ப இவங்களை எறக்கணும். அதை ஃபாதரே பாத்துக்கிட்டாரு. "கீழ பவனியாப் போவோம். கூட்டம் போடாம, கைப்பிடிச் சுவரோரமா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா. பிள்ளைங்க முன்னாடி. இடைவெளி விட்டு நடங்க"ன்னாரு. பவனின்னதும் அந்த ஜனங்களுக்கு ஒண்ணும் சொல்லித் தர வேண்டியதில்ல. பொறந்ததுலேர்ந்து பழகின நடை அது. பாடிக்கிட்டே, மெதுவா, சுவத்தை ஒட்டிப் போனாங்க. கடைசியா நானும் ஜாக்குலினும் ஃபாதரும். "என்னா நடக்குது மேடம்?"னு ஜாக்குலின் கேட்டாங்க. "கீழ போய்ச் சொல்றேன். ஓரமா வாங்க."

கீழ போனதும் கதையே வேற. பெரியவரைப் பந்தல்ல ரெண்டு பெஞ்சைச் சேத்துப் போட்டுப் படுக்க வச்சிருந்தாங்க. நான் அந்த ரூமைப் பூட்டிச் சாவியைக் கையில வச்சுக்கிட்டேன். சித்தப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சதும் வந்துச்சே கோவம்! "உப்புக்காத்துக்கு ஒரு கதவு சிக்கிச்சாம். அதுக்கு வியாதிக்காரனைத் தெருவுல கொண்டாந்து போட்டிருக்காங்க. நூறு வருஷத்துத் தேக்கு அது, தெரியுமா?"ன்னு கத்தினாரு. ஏழுமலை உத்தரத்துக்கு முட்டுக் குடுக்க மரம் எடுத்துட்டு வரக் கெளம்பிட்டாரு, எனக்குத் துணைக்கு ஒரு வாய் இல்ல. ஜாக்குலினும் சாவி கேட்டாங்க. "பப்பா மருந்து உள்ள இருக்கு மேடம். தலையணை எடுக்கணும். இது எங்க வீடு."

"உங்க வீடுதாம்மா. குடுக்க மாட்டேன்."

அவங்க மூஞ்சு செவந்துபோச்சு. வந்தவங்க எல்லாரும் என்னைப் பைத்தியத்தைப் பாக்கற மாதிரி பாத்தாங்க. அப்ப வந்த பயம் வேற ரகம். ஒண்ணும் விழலன்னா? ஒரு குடும்பத்து நல்ல நாளைக் கெடுத்துட்டு, வாதம் வந்த மனுஷனை பெஞ்சுல போட்டுட்டு, நாளைக்கி இந்தத் தெருவுல எப்படித் தலைகாட்டுவேன்? சாவி கையில வேர்த்துப் போச்சு. குடுத்துடலாமான்னுகூட ஒரு நிமிஷம் நெனச்சேன். கதவோட அந்த விரிஞ்ச சந்தை மட்டும் மனசுல புடிச்சுக்கிட்டு நின்னேன். மருந்துக் கடை தெருமுனையிலதான் இருக்குன்னு ஃபாதர் ஒரு ஆளை அனுப்பிட்டு எல்லாரையும் சாப்புட உக்கார வச்சாரு.

மொதப் பந்தி பாதியில இருக்கும்போது சத்தம் கேட்டுச்சு. இடி மாதிரி எல்லாம் இல்ல. ஒரு மூட்டையைத் தள்ளிவிட்ட மாதிரி தொப்புன்னு ஒண்ணு, அப்புறம் செங்கல் உருள்ற சத்தம், ஜன்னல் வழியா வெள்ளையாப் புகை. பந்தல்ல எல்லாரும் எடுத்த சோத்தைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அறை விழல, ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னுச்சு. உத்தரத்தோட முனை சுவத்துலேர்ந்து கழண்டு, அந்தப் பக்கத்துத் தளம் மொத்தமும் கட்டில் மேல கெடந்துச்சு. தலையணை இருந்த எடத்துல செங்கல்லுதான் இருந்துச்சு.

அப்புறம் பாத்தா, வெளியில தெரிஞ்ச தேக்கு இரும்பு மாதிரி இருந்துச்சு, சுவத்துக்குள்ள இருந்த முனை மழைத்தண்ணி ஊறி மாவாப் போயிருந்துச்சு. தட்டிப் பாத்தவங்க வெளியிலதான் தட்டினாங்க.

ஜாக்குலின் கத்தவும் இல்ல, ஓடவும் இல்ல. பெஞ்சுகிட்டப் போய் மண்டி போட்டு, பப்பாவோட கண்ணு எமையில இருந்த சுண்ணாம்பைப் பொடவைத் தலைப்பால தொடச்சாங்க. தொடச்சுக்கிட்டே, "கூப்ட்டீங்களா பப்பா? அவ்ளோ நேரம் மணியடிச்சு என்னைத்தான் கூப்ட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. அந்த வீம்புக்கார மனுஷன் குழந்தையாட்டம் அழுதாரு. நானும் அழுதேன், அதுல என்னா வெக்கம்?

அதனால புள்ளைங்களா, கதவு சிக்கினா இழைப்புளியை எடுக்காதீங்க. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல இருக்கற சந்தைப் பாருங்க. வேலையை ஒப்படைக்கிற நாள்ல எல்லாரும் மேல நின்னு போட்டோ எடுப்பாங்க, நீங்க கீழ போங்க. உங்க வேலைக்கு அடியில யார் இருக்கான்னு பாருங்க. பயம் வந்தா அதை உப்புக்காத்துன்னு சொல்லி அனுப்பிடாதீங்க.

அந்த அறையைப் பிரிச்சுக் கொண்டாந்து, பின்கட்டுல, தரையிலேயே, பெரியவரோட புது ரூமை ஒட்டிப் போட்டோம். அதே கோரைப்பாய், அதே மண் கூடு. நடுவுல ஒரு சுவருதான். இப்ப மணி தேவையே இல்ல, கழட்டிடலாமான்னு கேட்டேன். ஜாக்குலின் விடல. கயிறை மட்டும் யாரும் சுருட்டி வைக்க முடியாதபடி சுவத்தோட சேத்து அடிச்சுத் தரச் சொன்னாங்க.

போன மாசம் பாக்கப் போனேன். காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள மணி எத்தனை தடவை அடிச்சுதுன்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் ஜாக்குலின் எழுந்து ஓடறாங்க. "என்னா பப்பா, இப்ப என்னா?"ன்னு திட்டிக்கிட்டே ஓடறாங்க. "தண்ணி கேக்கறாரா?"ன்னு கேட்டேன்.

"இல்ல மேடம். ஒண்ணும் வேணாம் அவருக்கு. நான் வரேனான்னு பாக்கறாரு."